கொழும்புக் கம்பளம்

சிவசைலம் பிள்ளை வீட்டு வில்வண்டியில் மீன் நாறியது.

ஸ்ரீவைகுண்டத்தில் வேறு யார் வீட்டு வண்டியில் நாறியிருந்தாலும் அதை ஒரு சங்கதியாக எடுத்திருக்க வேண்டியதில்லை. இதுவோ பூண்டைக்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற சைவ வீடு. மீன்காரி தெருமுனையில் திரும்பினாலே வாசல் கதவைச் சாத்துகிற வீடு. பிரம்மநாயகி அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வயிற்றில் ஏழு மாதம். பிள்ளைத்தாச்சிக்கு மூக்கு நாய் மூக்காகிவிடும் என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி செய்தார்கள். அதனால் முதலில் அவளும் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்து, திரையை இறக்கி, உள்ளே வெக்கை சேர ஆரம்பித்ததும் அது வந்தது. புளித்த கஞ்சித் தண்ணீரில் மீனைக் கழுவி ஊற்றினாற்போல, மெல்லிசாக, ஈரமாக, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற நாற்றம். கூண்டுப் பிரம்பை முகர்ந்தாள். திரைத்துணியை முகர்ந்தாள். கடைசியில் குனிந்து கம்பளத்தை முகர்ந்து, சட்டென்று நிமிர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கம்பளத்தைப் பற்றி அந்த வீட்டுக்குப் பெருமை அதிகம். மற்றவர்கள் வண்டியில் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்துக்கொள்வார்கள். இங்கே கொழும்பிலிருந்து வந்த கம்பளம், விரல் தடிமன், நல்ல செக்கச் சிவப்பு, வண்டியின் அளவுக்கு வெட்டிப் பித்தளைக் குமிழ் ஆணியால் பலகையோடு சேர்த்து அடித்திருந்தார்கள். மூத்தவள் ஆவுடையின் சீதனம். அவள் அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. ஆவுடை காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பிரம்மநாயகியைப் பெண் கேட்டு வந்தார்கள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார் சிவசைலம். மனைவி சொல்கிறாளே என்று வண்டிக்குள் ஏறி, மண்டியிட்டு, கம்பளத்தில் முகத்தையே புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ரொம்ப நேரம் இழுத்தார். எழுந்தபோது மூக்கு நுனியில் ஒரு சிவப்பு இழை ஒட்டியிருந்தது. “நல்லா மணக்கத்தான் செய்யுது” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

தலைப்பிரசவத்துக்கு அவள் ராதாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். பனங்காட்டு வழியில் ஒரு பகல் முழுக்கவும் மறுநாள் பாதியும் இந்தக் கம்பளத்தின் மேல்தான் படுத்துக் கிடக்க வேண்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு கவலையே கிடையாது. பிள்ளை பிறக்க அம்மா வேண்டும், அம்மாவிடம் போக வண்டி வேண்டும், வண்டியில் இந்த நாற்றம் போகவேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் எலுமிச்சம்பழம். பாதியாக நறுக்கி, உப்பைத் தொட்டு, கம்பளம் முழுக்கத் தேய்த்தாள். அன்று சாயங்காலம் வரை வண்டி ஊறுகாய்ப் பரணி மாதிரி மணத்தது. மறுநாள் வெயில் ஏறியதும் ஊறுகாய்க்கு அடியிலிருந்து மீன் எழுந்து வந்தது. அப்புறம் உமிக்கரியைப் பொடித்துத் தூவி, விடியும்வரை விட்டுவைத்து, துடைப்பத்தால் தட்டி எடுத்தாள். நாற்றத்தைக் கரி குடித்துவிடும் என்பார்கள். இது கரிக்கு வேண்டாத நாற்றம் போலிருக்கிறது. புளித்த காடித் தண்ணீர் தெளித்தாள். பூவந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை தேய்த்தாள். வெட்டிவேரைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். கடைசியில் இரண்டு பக்கத் திரையையும் இறக்கி, உள்ளே தூபக்காலில் சாம்பிராணியைக் கொட்டி மூடி வைத்துப் பார்த்தாள். திரையைத் தூக்கியபோது, கோயிலுக்குள் யாரோ உட்கார்ந்து மீன் அரிவது போல இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் மாட்டுக் கொட்டில் ஓரத்தில் வாந்தி எடுத்தாள்.

அப்போதுதான் வண்டிக்காரன் சங்கிலிபூதத்தான் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்தாள். அவன் சோற்றுக் கலயத்தின் மேல் வாழையிலைத் துண்டு, அதில் இரண்டு கருவாடு. பிரம்மநாயகிக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. வண்டி ராத்திரியில் அவன் காவலில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் அவனுக்குச் சொந்தம் உண்டு. திருட்டுத்தனமாகக் கருவாட்டு மூட்டை ஏற்றி வாடகை வாங்குகிறான். வேறென்ன?

சாயங்காலமே விசாரணை நடந்தது. மாமியார் பார்வதியம்மாள் நடையில் நின்று கத்தினாள். சிவசைலம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, நான் மீன் திங்கிறவன்” என்றான் சங்கிலிபூதத்தான். அவன் பிரம்மநாயகியைப் பார்த்துத்தான் பேசினான். “அயிரைக்கு ஒரு வாடை, நெத்திலிக்கு ஒரு வாடை. எனக்குத் தெரியும். வண்டியில இருக்கது மீன் வாடையே இல்லம்மா.”

“பின்ன என்ன வாடையாம்?”

அவன் எசமானைப் பார்த்தான். எசமான் வெற்றிலையை மடித்தார்.

“எனக்குத் தெரியாது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான்.

“பேதியில போவான்” என்று பார்வதியம்மாள் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன உடனே தன் வாயிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள். திருநெல்வேலிச் சீமையில் அந்த வசவு வாயைத் திறந்தால் வருவது; தாய் பிள்ளையைக்கூட அப்படித் திட்டுவாள். ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது பிரம்மநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் சிவசைலம் கையிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் தின்னாதவளுக்கு எல்லா நாற்றமும் மீன்தான். தின்கிறவன் இல்லை என்கிறானே.

மறுநாள் மாமியாருக்குத் தலை வாரிவிடும்போது பைய ஆரம்பித்தாள். “அக்காவுக்கு வந்தது காய்ச்சல்தானா, அத்தை?”

பார்வதியம்மாள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அந்தக் கதைக்குள் தன் மகனைப் பற்றிய பெருமை ஒன்று கிடந்து குறுகுறுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். “நீயும் வீட்டுப் பொம்பளை ஆயிட்ட. உங்கிட்டச் சொன்னா என்ன” என்றாள்.

பிள்ளை வரம் கேட்டு இரண்டு பேரும் திருச்செந்தூர் மாசித் திருநாளுக்குப் போயிருக்கிறார்கள். கூட்டத்தில் வாந்திபேதி கண்டுவிட்டது. ஆவுடைக்குக் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

“கடற்கரையில குழியைத் தோண்டி வந்தவன் போனவன் எல்லாத்தையும் மொத்தமாப் போடுதான்வ. நம்ம வீட்டுப் பொம்பளையை அங்கன போட விடுவானா எம் பிள்ளை? நம்ம ஆத்தங்கரையில வச்சுத்தான் எரிக்கணும்னு நின்னுட்டான். ஆனா அடுத்த ஊருப் பொணத்தை எவன் எல்லைக்குள்ள விடுவான்? வழி பூரா ஊரு. அதனால குளிப்பாட்டி, பட்டுச்சேலை உடுத்தி, தலை நெறையப் பூவை வச்சு, வண்டியில சாச்சு உக்கார வச்சுட்டான். கேட்டவனுக்கெல்லாம் ‘வீட்டுக்காரி தூங்குதா’ன்னு சொல்லிக்கிட்டே கொண்டாந்து சேத்துட்டாம்ளா. யாருக்கு வரும் அந்தத் தைரியம்?”

“ஊர்ல காய்ச்சல்னு…”

“பொணம் ஏறுன வண்டின்னு சொல்லவா முடியும்? சொல்லியிருந்தா உங்கப்பன் உன்னைக் குடுத்திருப்பானா?”

குடுத்திருக்க மாட்டார். பிரம்மநாயகிக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. ஏமாற்றிவிட்டார்களே என்ற கோபம் பெரிதாக இருந்ததால் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது. எப்படியோ, நாற்றத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பிணம் வந்த கம்பளம். இனி அதைத் தேய்ப்பதாவது, தூபம் போடுவதாவது. உரித்து எடுத்து ஆற்றங்கரையில் போட்டுக் கொளுத்தினால் தீர்ந்தது.

பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் சிவசைலம் களத்திலிருந்து வரமாட்டார் என்று தெரிந்து, குறடை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். குமிழ் ஆணிகள் முரண்டு பிடித்தன. வயிறு இடித்தது. ஒருக்களித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கம்பளத்தின் பின்முனையைத் தூக்கினாள். அடிப்பக்கம் கஞ்சி வடிந்து காய்ந்தது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நாற்றம் முகத்தில் அறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் மேல்பக்கத்தில் அதைப் பார்த்தாள்.

பின்முனைக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு தேய்ந்த இடங்கள். எலுமிச்சம்பழ அகலம். மற்ற இடமெல்லாம் ரோமம் அடர்த்தியாக நிற்க, அந்த இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து தேய்ந்து, அடி நூல் தெரிந்தது. இவ்வளவு நாள் தேய்த்தும் கழுவியும் இதைக் கவனிக்கவில்லை. ஈரக் கம்பளத்தில் தெரிந்திருக்காது.

வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, பின்முனைப் பக்கமாகக் காலை நீட்டிப் பார்த்தாள். அவளுடைய குதிகால் அங்கேதான் பட்டது.

பிணம் சரியும். குலுக்கலில் சாயும், உருளும். குதிகாலை ஊன்றித் தேய்க்குமா? நூல் தெரிகிற வரைக்கும் தேய்க்குமா?

“என்னத்துக்குளா பிரிச்சே?”

அவள் பதறித் திரும்பினாள். சிவசைலம் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

“அத்தை சொன்னாக” என்றாள். “இது என்ன அத்தான், இந்த ரெண்டு இடம்?”

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “வழி பூரா வண்டி குலுங்குச்சு. பொணம்னா ஆடாதா?” என்றார். சுத்தியலை எடுத்துவரச் சொல்லவில்லை. தானே போய் எடுத்துவந்தார். பிடுங்கிப் போட்ட ஆணிகளைப் பொறுக்கி, கம்பளத்தை இழுத்து, பழைய துளையிலேயே ஒவ்வொன்றாக வைத்து அடித்தார். கடைசி ஆணிக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார்.

“ஆவுடை ரொம்பப் பொறுமைசாலி” என்றார். “அவ்வளவு தூரமும் ஒரு சத்தம் போடல.”

அவள் அன்றே அம்மா வீட்டுக்கு ஆள் அனுப்ப நினைத்தாள். அதற்குள் ஆற்றங்கரைத் தெருவில் பேதி வந்துவிட்டது. முதலில் ஒரு வண்ணான் குடும்பம். அப்புறம் எதிர்வீட்டில் ஒரு குழந்தை. ஆள் போய் அப்பா வந்து சேருவதற்குள் தெருவே காலியாகிவிடும் போலிருந்தது. எல்லோரும் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர்தான். அவளும் அதைத்தான் குடித்தாள். குடிக்கும்போதெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டாள். இங்கே இருந்தால் பிள்ளை தங்காது. போவதென்றால் அந்த வண்டி, அந்த மனுஷர். சங்கிலிபூதத்தான் அன்றைக்குப் போனவன் திரும்பவில்லை; பழி சொல்லித் துரத்தியது அவள்தான். இந்தச் சமயத்தில் வேறு எந்த வண்டிக்காரன் வருவான்? அறுப்பு வீட்டைப் போட்டுவிட்டு மாமியாரும் கிளம்ப முடியாது.

“நானே ஓட்டுதேன்” என்றார் சிவசைலம்.

கருக்கலில் புறப்பட்டார்கள். பொழுது ஏறும்போது ஆற்றின் பச்சை பின்னால் போய், செம்மண்ணும் பனையுமாக வந்தது. ஆள் கிடையாது. பனையோலை ஒன்றோடொன்று உரசுகிற வறட்டுச் சத்தமும், மாட்டுக் கழுத்து மணியும், அச்சு முனகுகிற சத்தமும்தான். முன் திரையும் பின் திரையும் இறக்கியிருந்தது. கம்பளத்தின் மேல் இரண்டு ஜமுக்காளம் விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் எலுமிச்சம்பழம். வெக்கை சேரச் சேர, ஜமுக்காளத்தையும் பழத்தையும் தாண்டி அது எழும்பி வந்தது.

முதல் ஊர் எல்லையில் வண்டி நின்றது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை தொங்கவிட்டிருந்தார்கள். கம்போடு நான்கைந்து பேர்.

“ஆத்தங்கரையில இருந்தா வாரீக, அண்ணாச்சி? சீக்காளி யாரும் இருந்தா இப்படியே திருப்பிருங்க. உள்ள யாரு?”

“வீட்டுக்காரி. பிள்ளைத்தாச்சி” என்றார் சிவசைலம். “தூங்குதா.”

கயிறு இறங்கியது. வண்டி நகர்ந்தது. அவள் கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முழித்திருப்பவளை ஏன் தூங்குகிறாள் என்று சொல்லவேண்டும்? பெண்பிள்ளையை எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். இருக்கலாம். அந்த வார்த்தை அவர் வாயில் அத்தனை சுலபமாக வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வண்டி நின்றது.

பின் திரையைத் தூக்கிக்கொண்டு சிவசைலம் ஏறினார். முதலில் அவளைப் பார்க்கவில்லை. செம்புக்குள் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல அத்தான். நாத்தம் தாங்கல, அதான்.”

“எந்த நாத்தம்?”

அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். “சில்லுன்னு இருக்கு.”

“இப்பத்தான் கை கழுவினேன்.”

“எத்தனை தடவை போச்சு?”

“ஐயோ, எனக்குப் பேதி இல்ல.”

அவர் தலையசைத்தார். சின்னப் பிள்ளை பொய் சொன்னால் பெரியவர்கள் அசைப்பார்களே, அப்படி. “நீ வாந்தி எடுக்கது அவனுவ காதுல விழுந்தா விடமாட்டான்வ. திருப்பி அனுப்பிருவான்வ. வயித்துப் பிள்ளையோட நடுக்காட்டுல கிடக்கணும். என்ன செய்யச் சொல்லுத?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு செய்தது ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டார். குலுக்கலில் வயிறு அலுங்கக் கூடாது என்று தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தார். விழுந்துவிடக் கூடாது என்று வேட்டியால் இடுப்பைச் சுற்றிக் கூண்டுக் கம்போடு கட்டினார். கை இரண்டும் கட்டுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே கிடந்தால் இடிக்கும் என்றார். சத்தம் கேட்காமலிருக்க ஈரத்துண்டை மடித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, பல்வலிக்காரிக்குக் கட்டுவது போல உச்சியில் முடிச்சுப் போட்டார். அம்மா வீட்டுக்குப் போகிறவள் பூ இல்லாமல் போகலாமா என்று பெட்டியிலிருந்து பூவை எடுத்துத் தலை நிறைய வைத்தார். நெற்றியில் குங்குமத்தை அகலமாக இட்டார்.

இறங்கிப் போய் மாட்டைத் தட்டினார்.

அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. தாடையை அப்படி யாருக்குக் கட்டுவார்கள் என்று.

கத்தினாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அச்சின் முனகலில் அது கலந்துபோனது. கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கெண்டைக்கால் இழுத்தது. பயத்தினாலா? வெக்கையினாலா? நிஜமாகவே வந்துவிட்டதா?

வண்டி நின்றது.

“உள்ள யாரு?”

“வீட்டுக்காரி. தூங்குதா.”

“பாக்கணும், அண்ணாச்சி. ஊர்க் கட்டுப்பாடு.”

திரை விலகியது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஒரு நடுவயது முகம். நல்ல முகம். அவள் அந்தக் கண்களையே பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆட்டினாளா? ஆட்டியதாகத்தான் நினைத்தாள். பார், ஐயா. நான் பார்க்கிறேன். பார்.

அவன் பார்த்தான். நின்று, நன்றாகப் பார்த்தான். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு திரையைப் பைய விட்டான்.

வெளியே அவன் தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

“கண்ணையாவது மூடி விட்டிருக்கலாமே, அண்ணாச்சி. போங்க. நான் பாக்கல. சீக்கிரமா எங்க எல்லையைத் தாண்டிருங்க.”

கயிறு இறங்கியது. சக்கரம் உருண்டது. ஊர்ச் சத்தம் தேய்ந்தது. ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டது. பனை. மறுபடியும் பனை.

நாற்றத்தைக் காணோம். அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இல்லை. பூவின் வாசனை மட்டும் இருந்தது. நல்லா மணக்கத்தான் செய்தது.

வண்டி நின்றது. அவர் ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தார். உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்துக் கீழே தடவினார். இமைகள் மூடின. அவள் திறந்தாள். மறுபடியும் தடவினார். மறுபடியும் திறந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை.

“இன்னும் ஒரே ஒரு ஊருதாம்ளா” என்றார்.

அப்போது பிள்ளை உதைத்தது. ஓங்கி, உயிரோடு, ஒரு பக்கமாக உதைத்தது. வயிற்றின் மேல் சேலை தூக்கி இறங்கியது. சிவசைலத்தின் கண் அங்கே போனது. பார்த்துவிட்டார். அவள் பார்வையை அவர் முகத்தை விட்டு எடுக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டார், இனிக் கட்டை அவிழ்ப்பார். பிள்ளை இன்னொரு தரம் உதைத்தது.

அவர் அவள் காலடியில் கிடந்த ஜமுக்காளத்தை உருவி எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். அவள் வயிற்றின் மேல் வைத்து, அசைவு வெளியே தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். தெரிந்தது. இரண்டாவது ஜமுக்காளத்தையும் மடிக்க ஆரம்பித்தார்.